குணாவைவிட இரண்டரைக் கிலோ

போன வாரம் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். அண்ணன் மகளுக்குக் கல்யாணம். போட்டோவில் பெண்ணின் சித்தப்பா தாத்தா மாதிரி நிற்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. அரியலூரில் புதிதாக வந்திருக்கிற ஏசி சலூன். கடைக்காரத் தம்பி கிண்ணத்தில் களிம்பைக் குழைத்து, பிரஷ்ஷால் தொட்டு, காதோரமாக முதல் இழுப்பு இழுத்தார். மூக்குக்குள் சுரீரென்று ஏறியது. அம்மோனியா. உடனே என் பாதங்கள் இரண்டும் தாமாக விலகித் தோள் அகலத்துக்குப் போய் ஊன்றிக்கொண்டன. உள்ளங்கைகள் தொடையில் தேய்த்துக்கொண்டன. மூச்சு அடிவயிற்றில் இறங்கி நின்றுவிட்டது. "என்னா சார், எரியுதுங்களா?" என்று கேட்டார் அவர். எரியத்தான் செய்தது, ஆனால் தலையில் இல்லை. ஒண்ணுமில்லப்பா, நீ பூசு என்று சொல்லிவிட்டேன்.

எங்கே எரிந்தது என்பதை உங்களுக்குச் சொல்லலாம். நீங்கள் அவரைப் போல என் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை அல்லவா.

நம்ப மாட்டீர்கள், நான் ஒரு காலத்தில் பளுதூக்குகிறவன். இப்போது இந்த வயிற்றைப் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பவர்லிஃப்டிங் என்று பெயர். மூன்று வேலை. கம்பியைத் தோளில் வாங்கிக்கொண்டு குந்தி எழுவது, மல்லாந்து படுத்து மார்பிலிருந்து மேலே தள்ளுவது, தரையில் கிடப்பதை இடுப்பு உயரத்துக்கு இழுத்து நிமிர்வது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றின் எடையையும் கூட்டி யார் அதிகமோ அவர் வெற்றி. ஏதாவது ஒன்றில் மூன்று வாய்ப்பையும் கோட்டை விட்டால் மொத்தமும் பூஜ்யம், வீட்டுக்குப் போகலாம்.

வேலை ஒரு சிமெண்ட் ஆலையில், காண்ட்ராக்டில். அங்கே வரைபடப் பிரிவில் பெரிய பெரிய தாள்களைப் பிரதி எடுக்கும் மெஷின் ஒன்று இருந்தது. அதற்கு அம்மோனியா ஊற்ற வேண்டும். பிரதி எடுத்த தாள் ஊதாக் கோடுகளோடு வெளியே வரும்போது கண்ணில் நீர் கொட்டும். அந்த அறையில் எவனும் அரை மணிக்கு மேல் உட்கார மாட்டான். நான் மட்டும் ஆசையாகப் போய் உட்காருவேன். கம்பியைத் தொடும் முன் அம்மோனியாவை முகர்ந்தால் உடம்பு முழுக்க விழித்துக்கொள்ளும் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன். காலித் தைல பாட்டிலில் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் நனைத்து எடுத்துக்கொண்டு போவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரியலூரிலிருந்து பெரம்பலூர் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தது அதனால்தான்.

ஏன் பெரம்பலூர்? போட்டிக்கு வைக்கிற நீளக் கம்பி அந்த மாவட்டத்திலேயே அங்கே மட்டும்தான் இருந்தது. நெல் மண்டி ஒன்றின் பின்னால் தகர ஷெட். அப்போது அரியலூரும் பெரம்பலூர் மாவட்டத்துக்குள்தான். திருச்சியிலிருந்து பிரித்துப் புது மாவட்டம் ஆக்கி ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். வாரநாள் முழுக்க வீட்டுக் கொல்லையில் பழைய லாரிப் பல்சக்கரங்களைக் குழாயில் கோத்துத் தூக்கிக்கொண்டிருந்தவனுக்கு, அந்த ஷெட்டில் நுழைவது கோயிலுக்குள் நுழைவது மாதிரி.

கனம் தூக்குவது கை கால் சமாசாரம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். கை கால் எல்லாம் பயிற்சியிலேயே முடிந்துவிடும். போட்டியன்று மிச்சம் இருப்பது, பெயர் கூப்பிட்டதிலிருந்து கம்பியைத் தொடுகிற வரைக்கும் உள்ள சின்ன நேரம். அந்த நேரத்தில் ஒவ்வொருவனும் பண்ணுகிற கூத்தைப் பார்க்க வேண்டும். ஒருவர் மைத்துனரைக் கூட்டி வந்து முதுகில் பளார் பளாரென்று அறையச் சொல்வார். மைத்துனரும் ஏதோ பழைய கணக்கைத் தீர்ப்பதுபோல அறைவார். இன்னொருவன் பனியன் கழுத்தைப் பல்லால் கடித்துக்கொண்டே ஏறுவான். அவனுடைய பனியன்கள் எல்லாவற்றுக்கும் கழுத்து தொளதொளவென்று தொங்கும். ஜெயங்கொண்டம் பக்கத்து ஆள் ஒருவர், புது வண்டி எடுக்கிற மாதிரி, மேடைக்குக் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து வலது காலால் நசுக்கிவிட்டுத்தான் வருவார். ஒருமுறை அந்தச் சாற்றில் அடுத்தவன் வழுக்கி விழுந்து பெரிய தகராறு ஆனது. அதற்கப்புறம் எலுமிச்சம்பழத்துக்குத் தடை போட்டார்கள். அன்றிலிருந்து அவருடைய கனமும் குறைந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

குணா கொட்டாவி விடுவான்.

குணசேகரன். அரும்பாவூர்க்காரன். உடல் எடையில் அறுபத்தேழரைக் கிலோ பிரிவு. நானும் அறுபத்தேழரைக் கிலோ பிரிவு. என் வாழ்க்கையில் நடந்த கோளாறு முழுவதையும் இந்த இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அவன் மட்டும் ஒரு ஐந்து கிலோ ஏறியோ இறங்கியோ இருந்திருந்தால் நாங்கள் உயிர் நண்பர்களாக இருந்திருப்போம். ஒரு பிரிவுக்கு ஒரு மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு ஆள்தான் மாநிலப் போட்டிக்குப் போக முடியும். மாநிலப் போட்டியில் இடம் பிடித்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு வாய்ப்பு உண்டு. எனக்கு அந்த வேலை வேண்டும். காண்ட்ராக்ட் வேலையில் நாளைக்கு இருப்போமா என்று தெரியாமல் அம்மோனியாவை முகர்ந்துகொண்டிருந்தவனுக்கு ரயில்வே என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வருஷமும் குணா போனான். நான் இரண்டாவதாக நின்று கை குலுக்கினேன்.

போட்டி நடக்கும்போது ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்துகொள்வான். கண்ணை மூடிக்கொள்வான். உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு. மடியில் கை விரல்கள் மெல்ல மடங்கி விரியும். பெயர் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்து, வாயைப் பிளந்து ஒரு நீண்ட கொட்டாவி. சோம்பலாக நடந்து வந்து, குனிந்து, தூக்கிவிட்டுப் போய்விடுவான். நான் இங்கே பாட்டிலை முகர்ந்து, கன்னத்தில் நானே அறைந்து, நரம்பெல்லாம் புடைக்க நிற்கிறேன். அவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்து போகிறவன் மாதிரிப் போகிறான். அந்தக் கொட்டாவி மேல்தான் எனக்கு முதல் பொறாமை. தூக்கிய கனத்தின் மேல்கூட இல்லை.

பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பிடி வழுக்காமலிருக்க அவன் கைக்குப் பூசுகிற வெள்ளைத் தூள் மேல் பொறாமை. மெட்ராஸிலிருந்து அவன் மாமா வாங்கி வந்து கொடுப்பார். எங்களுக்கெல்லாம் பள்ளிக்கூடத்து சாக்பீஸை நுணுக்கியதுதான். மாப்ள எடுத்துக்க என்று டப்பாவை என் பக்கம் நீட்டுவான். எடுத்துக்கொள்வேனா? சுண்ணாம்புக் கல்லின் மேலேயே குடியிருக்கிற ஊர்க்காரன் நான், எனக்கு மெட்ராஸ் தூள் எதற்கு என்று ஒரு வீராப்பு. சுண்ணாம்புச் சூளையிலிருந்து வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கையில் அப்பிக்கொண்டேன். வியர்வை பட்டதும் அது தன் வேலையைக் காட்டியது. கல் வேறு, சுட்ட சுண்ணாம்பு வேறு என்பது அரியலூரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கண்ணுக்குள் அவனுடைய வெள்ளைக் கைதான் நின்றது. இரண்டு வாரம் உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, அம்மா ஊட்ட ஊட்டச் சாப்பிட்டேன்.

அம்மா இன்னொரு பக்கம். போட்டி முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும்.

"அந்த அரும்பாவூரு புள்ள எவ்ளோ தூக்குச்சு?"

அதற்கு அடுத்துத்தான் என்னைப் பற்றி. குணா சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வீட்டுக்கு வருவான். எனக்கு மூன்று முட்டை வைத்தால் அவனுக்கு நான்கு வைப்பாள். கேட்டால், அது அவ்வளவு தூரத்திலேந்து வருதுல்ல என்பாள். நானும் அதே பஸ்ஸில் வந்தவன்தான். அவன் அந்த நாலாவது முட்டையை எடுத்து என் தட்டில் போட்டுவிடுவான். நான் தின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அதன் ருசி இன்னும் தொண்டையில் கசப்பாகத்தான் இருக்கிறது. நல்லவன்மேல் பொறாமைப்படுவது போன்ற தொல்லை வேறில்லை. திட்டுவதற்குக் கையில் ஒன்றும் சிக்காது.

ஒருநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது கேட்டே விட்டேன், கண்ணை மூடிக்கொண்டு என்னதான் செய்கிறாய் என்று. ஏதோ மந்திரம் சொல்கிறான் என்பது எங்கள் ஷெட்டில் பொதுவான அபிப்பிராயம். மறைப்பான் என்று நினைத்தேன். அவன் மறைக்கவே இல்லை.

"மந்திரமும் இல்ல, ஒண்ணுமில்ல மாப்ள. நடந்து போறது, குனியிறது, கம்பி கைக்கு சில்லுனு இருக்கறது, முட்டிய ஒரசிக்கிட்டு வர்றது, நிமிந்து நிக்கிறது, எல்லாத்தயும் உள்ளயே ஒரு தடவ பாத்துருவேன். எறக்கி வச்ச பொறவுதான் கண்ண தொறப்பேன். அப்பறம் என்னா, ஏற்கெனவே தூக்குனதத்தான மறுபடி தூக்கறோம். அதான் கொட்டாவி வருது."

எவ்வளவு சுலபம் பாருங்கள். இப்போது இதற்கெல்லாம் பாடத்தில் பெயர் இருக்கிறது என்கிறாள் உடற்கல்வி படிக்கிற என் மகள். மனசுக்குள் படம் பார்ப்பது ஒரு முறையாம், உடம்பைச் சூடேற்றிக்கொள்வது ஒரு முறையாம், தனக்குத் தானே பேசிக்கொள்வது ஒரு முறையாம். படிப்புக்காக யாரையாவது பேட்டி எடுக்க வேண்டுமென்று, உங்க காலத்துல நீங்க எந்த முறைப்பா என்று என்னைக் கேட்டாள். வயிற்றெரிச்சல் என்றேன். எழுதிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

ஆனால் அதுதான் உண்மை. குணா சொன்னதைக் கேட்ட அன்றைக்கே கொல்லையில் கல்லின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடினேன். மேடை வந்தது. கம்பி வந்தது. கனம் ஏற்றியிருந்தது. நடந்து வருகிற சத்தமும் கேட்டது. வந்து குனிந்தது குணா. நான் இல்லை. என் கண்ணுக்குள், என் கனத்தை, அவன் அலட்சியமாகத் தூக்கி வைத்துவிட்டுப் போனான். துரத்திவிட்டு மறுபடி முயன்றேன். மறுபடியும் அவனே வந்தான், இந்தத் தடவை கொட்டாவியோடு. என் மண்டைக்குள்கூட எனக்கு இரண்டாவது இடம்தான். ஆத்திரம் தாங்காமல் எழுந்து போய் எதிரே கிடந்ததை இழுத்தேன். அதுவரைக்கும் இழுக்க முடியாத பல்சக்கரங்கள் முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு வந்துவிட்டன. கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். இறக்கி வைக்கவே மனசு வரவில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது. என் அம்மோனியா வேறு இடத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். எங்கள் போட்டியில் கம்பியில் கனம் ஏறிக்கொண்டே போகும், இறங்காது. குறைவாகக் கேட்டவன் முதலில், கூடக் கேட்டவன் பின்னால். ஆகவே இழுக்கிற சுற்றில் குணா எத்தனை கிலோ என்று எண் கொடுக்கிறான் என்று பார்த்துவிட்டு, அதைவிட இரண்டரைக் கிலோ கூட்டிக் கொடுப்பேன். அப்போதுதான் அவன் தூக்குவதைக் கண்ணால் பார்த்து, அந்தக் கைதட்டல் காதில் இருக்கும்போதே, வயிறு எரிய எரிய நான் ஏறலாம். ஆள் இறங்கி வரும்போது என்னைப் பார்த்து, தூக்கிரு மாப்ள என்று தோளைத் தட்டிவிட்டுப் போவான். அது போதும். கண்ணெல்லாம் சிவந்துவிடும். இழுப்பதில் நான் அவனை முந்த ஆரம்பித்தேன். ஆனால் குந்தி எழுவதிலும் தள்ளுவதிலும் அவன் சேர்த்து வைத்திருப்பதைத் தாண்ட முடியவில்லை. கூட்டிப் பார்த்தால் அவன்தான் மேலே இருப்பான்.

கல்லங்குறிச்சிக்கு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அங்கே பெருமாளுக்கு உருவம் கிடையாது, நெட்டுக்குத்தலான கம்பம்தான் சாமி. விளைந்த தானியத்தில் முதல் படியைக் கொண்டுவந்து கொட்டுகிற கூட்டத்துக்கு நடுவே போட்டிக்கு முந்தின சனிக்கிழமை நான் நிற்பேன். நான் தூக்க வேண்டும் என்று வேண்டத்தான் போவேன். கம்பத்தைப் பார்த்ததும் வேண்டுதல் மாறி, அவன் தூக்கக் கூடாது என்று வாயில் வரும். உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். பெருமாள் இரண்டையும் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்யாமல் நின்றார்.

அப்படி இருக்கும்போதுதான் அரியலூரைத் தனி மாவட்டமாக அறிவித்தார்கள். ஊரே குதித்தது. கடைத்தெருவில் வெடி வெடித்தார்கள், பஸ்ஸை நிறுத்தி லட்டு கொடுத்தார்கள். இனி மனு கொடுக்க பெரம்பலூர் போக வேண்டாம், கலெக்டர் இங்கேயே வந்துவிடுவார் என்று சந்தோஷம். எனக்கு எந்த கலெக்டரும் வேண்டாம். அரும்பாவூர் அந்தப் பக்கம், அரியலூர் இந்தப் பக்கம். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. இனி குணா வேறு மாவட்டம். அவன் அங்கே முதல், நான் இங்கே முதல். நடுவில் ஓர் எல்லைப் பலகை. கோடு போட்டுக் கொடுத்த அரசாங்கத்தின் காலில் விழலாம் போல இருந்தது. யாரோ கொடுத்த சரவெடியை நானே கொளுத்தினேன்.

முதல் அரியலூர் மாவட்டப் போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அன்றைக்கே பெரம்பலூர்ப் போட்டியும். என் பிரிவில் என்னைத் தவிர இன்னும் ஒரே ஒருவன், புதிதாக வந்த பையன், அப்போதுதான் மீசை முளைத்தவன். குந்தி எழுந்தேன், தள்ளினேன், எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. இழுக்கும் சுற்றுக்கு எண் கொடுக்கச் சொன்னார்கள். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். என்ன எண் கொடுப்பது? இத்தனை வருஷத்தில் நானாக ஓர் எண் கொடுத்ததே இல்லை. குணாவின் எண்ணோடு இரண்டரை கூட்டித்தான் பழக்கம்.

நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். இரண்டு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, இடுப்பில் பெல்ட்டோடு, காலில் கட்டோடு, எதிரே இருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். பெரம்பலூரில் போட்டி நடக்கிற இடத்தை ஒட்டி ஒரு ஜவுளிக்கடை இருந்தது. அந்த நம்பருக்குப் போட்டு, போட்டிக்கு ஒரு ஆளை அனுப்பி அரும்பாவூர் குணா இழுப்பதற்கு என்ன எண் கொடுத்திருக்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். கடைக்காரர் நல்ல மனுஷர், போய்க் கேட்டு வந்தார். நூற்றுத் தொண்ணூற்றைந்து என்றார். அவன் அதுவரைக்கும் அவ்வளவில் ஆரம்பித்ததே கிடையாது.  திரும்பி ஓடி வந்து, நூற்றுத் தொண்ணூற்றேழரை என்று கொடுத்தேன்.

மேசையில் உட்கார்ந்திருந்த செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பையன் நூத்தி முப்பதுதான் கேட்டுருக்கான். நீ நூத்தம்பது தூக்குனாலே நீதான் மாவட்டம். யார தாண்டுறதுக்கு இவ்ளோ போடுற?"

பேனாவை அவரிடம் கொடுத்தேன்.  பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். மேடை வந்தது, கம்பி வந்தது. யாரும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். எண் மட்டும் ஜவுளிக்கடை வழியாக வந்திருந்தது, ஆள் வரவில்லை. அவன் தூக்குவதை நான் பார்க்கவில்லையே. அந்தக் கைதட்டல் முப்பது கிலோமீட்டர் தள்ளி வேறு மாவட்டத்தில் யாருக்கோ கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டிலை முகர்ந்தேன், கண்ணில் நீர்தான் வந்தது. போய்க் குனிந்து இழுத்தேன். தரையை விட்டு ஒரு விரற்கடைகூட எழவில்லை. ஒருமுறை கேட்ட கனத்தைக் குறைக்க முடியாது என்பது சட்டம். இரண்டாம் முறை இழுத்தேன். மூன்றாம் முறை இழுத்தபோது மண்டபத்தில் பந்தி போடுகிற ஆட்கள்கூட வந்து எட்டிப் பார்த்தார்கள். கம்பி கிடந்த இடத்திலேயே கிடந்தது. மொத்தம் பூஜ்யம். அரியலூர் மாவட்டத்தின் முதல் சாம்பியனாக அந்த மீசை முளைத்த பையன் மாநிலப் போட்டிக்குப் போனான்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டாள். குணா நூற்றுத் தொண்ணூற்றைந்தையும் தூக்கி அதற்கு மேலும் தூக்கினான் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது. இருநூறு என்றேன். நல்ல புள்ள என்றாள். என்னைப் பற்றி அன்றைக்கு அவள் கேட்கவே இல்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

குணா மாநிலத்தில் மூன்றாவதாக வந்தான். ரயில்வேக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஆர்டர் வந்த அன்று இனிப்போடு எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வந்தான். ஜாங்கிரி. எனக்குப் பிடித்த இனிப்பு அது. இன்றுவரைக்கும் நான் ஜாங்கிரி சாப்பிடுவதில்லை.

வெடிச் சத்தம் ஓய்ந்து கொஞ்ச காலத்தில், செலவு கட்டாது என்று மாவட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். ஊரில் கடையடைப்பு, ஊர்வலம். நானும் போய்க் கோஷம் போட்டேன். உள்ளுக்குள் மட்டும் வேறு ஒரு கணக்கு ஓடியது, மறுபடியும் பழைய ஷெட், பழைய கம்பி என்று. அந்த வருஷப் போட்டிக்கு குணாவும் வந்திருந்தான். தூக்குவதற்கு இல்லை. அவன் இப்போது ரயில்வே அணி. நீல டிராக் சூட், முதுகில் இங்கிலீஷில் எழுத்து, முன்வரிசை நாற்காலி, பக்கத்தில் சோடா. நம்மோடு தகர ஷெட்டில் வியர்த்தவனுக்கு வந்த மரியாதையைப் பாருங்கள். அந்த நீலத் துணியைப் பார்க்கப் பார்க்க எனக்கு உள்ளே அடுப்பு மூண்டது. பாட்டிலைத் திறக்கவே இல்லை. கண்ணை மூடவும் இல்லை, நேராக அவனையே பார்த்துக்கொண்டு போய்க் குனிந்தேன். இருநூற்று ஐந்து. என் வாழ்நாளில் நான் தூக்கிய பெரிய கனம் அது. கூட்டத்தில் முதலில் எழுந்து நின்று கை தட்டியது யாரென்று நினைக்கிறீர்கள்? தட்டுகிறானே பாவி, கொஞ்சம்கூட எரியவில்லையா இவனுக்கு என்று, ஜெயித்துவிட்டு நின்ற அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது.

மாநிலத்துக்குப் போனேன், ஆறாவது இடம். வேலைக்கான வயது வரம்பும் அதோடு தாண்டிவிட்டது. ரயில்வே எனக்கு ரயில்வே ஸ்டேஷனாகவே நின்றுபோனது. ஆலையில் பிறகு நிரந்தரம் செய்தார்கள். கல்யாணம், மகள், எல்லாம் ஆயிற்று. ஆனால் தூக்குவதை விடவில்லை. ஒவ்வொரு நாளும் விடியலில் கொல்லையில் போய் அந்த நீல டிராக் சூட்டை நினைத்துக்கொள்வேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் என்னைப் பார்த்து வயிறெரிய வேண்டும். அப்புறம் விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

அரியலூரை இரண்டாவது முறையாகப் பிரித்தார்கள். இந்தத் தடவை நிலையாக. மறுபடியும் வெடி, மறுபடியும் லட்டு. வெடிச் சத்தத்துக்கு நடுவிலேயே செல்போனில் குணாவைக் கூப்பிட்டேன். அவன் பாலக்காட்டில் இருந்தான். பேச்சில் சுரத்து இல்லை. முதுகுத்தண்டில் தட்டு விலகி, டாக்டர் இனி கனமே தொடக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். குடத்தைக்கூட அவன் மனைவிதான் தூக்குகிறாளாம். ஆபீஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்திருக்கிறார்களாம். நீ இன்னும் இழுக்கிறாயா என்று கேட்டான். இழுக்கிறேன், இன்றைக்குக் காலையில்கூட நூற்றெண்பது என்றேன். 

"ஒன்ன நெனச்சா பொறாமையா இருக்குடா மாப்ள."

இத்தனை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. கல்லங்குறிச்சியில் கேட்கத் தெரியாமல் கேட்டது.  ஏதோ மழுப்பியிருப்பேன். மறுநாள் விடியலில் கொல்லைக்குப் போய்க் கண்ணை மூடினேன். குணா வந்தான். இடுப்பில் ஆஸ்பத்திரிப் பட்டை போட்டுக்கொண்டு, கம்பியைப் பார்த்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்திருக்கவே இல்லை. எழுந்திருடா என்று சொல்லிப் பார்த்தேன். பிறகு நானே போய் இழுத்தேன். முந்தின நாள் காலையில் தூக்கிய அதே நூற்றெண்பதுதான். வரவில்லை. இருபது இருபதாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் உட்கார்ந்துவிட்டேன்.

பெரம்பலூர் ஷெட் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வரைபடப் பிரிவில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது, அந்த மெஷினை எடைக்குப் போட்டார்கள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளைக் கொண்டுவிட எப்போதாவது ஊரில் வந்திருக்கிற புது ஜிம்முக்குள் போகிறேன். நல்ல கம்பி, நல்ல வெள்ளைத் தூள், சுவர் முழுக்கக் கண்ணாடி. ஒவ்வொரு பிள்ளையும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, செல்போனை எதிரே நிறுத்தி வைத்துத் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டு தூக்குகிறது. பக்கத்தில் இருப்பவன் எவ்வளவு போட்டிருக்கிறான் என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நல்ல பிள்ளைகள்தான். எனக்குத்தான் அங்கே ரொம்ப நேரம் நிற்க முடிவதில்லை.

சலூனிலிருந்து வந்த அன்று, அண்ணன் மகள் கல்யாணத்துக்குச் சொல்ல குணாவுக்குப் போன் போட்டேன். முதுகு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். இப்போது வலி இல்லையாம், பேரனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறானாம். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. போனை வைத்துவிட்டு உள்ளே தேடிப் பார்த்தேன். ஒரு மூலையிலும் எரியவில்லை. உண்மையாகவே வெறும் சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு முழுக்க என்னால் அதைத் தாங்க முடியவில்லை.